வேளைக்கு ஒரு சொல்: இணையவழிப் படிப்பில் நினைவூட்டற் செய்திகள்



வீட்டையும் வளவையும் விட்டு வெளியேற வேண்டி வந்தபோது எங்கள் மக்களில் பலர் பையில் முதலில் எடுத்து வைத்தவை அடையாள அட்டையும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும், பரீட்சைப் பெறுபேறுகளும்தான். வயலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கிணற்றையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. படித்த படிப்பு மட்டும் போகும் இடமெல்லாம் கூட வரும் என்பதை இடப்பெயர்வு எங்களுக்குக் கற்றுத் தந்தது. தறப்பாள் கொட்டிலிலும் மரநிழலிலும் பள்ளிக்கூடம் நடத்தியதும் இதனாலேயே.

இன்று அந்தப் படிப்பின் ஒரு பகுதி கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. 2020 மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றுக் காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஆசிரியர்கள் வட்ஸ்அப் குழுக்கள் வழியாகவும் சூம் வகுப்புகள் வழியாகவும் பாடங்களை அனுப்பத் தொடங்கினார்கள். பாடசாலைகள் திறந்த பின்னரும் அந்த வழி அடைபடவில்லை. ஆங்கிலம், கணினி, கணக்கு வைப்பு, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி, விவசாயம் எனப் பல பாடநெறிகளை இப்போது வீட்டிலிருந்தே படிக்கலாம். உறவினர் வீட்டிலோ, பிறர் காணியிலோ குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. பஸ் ஏறி நகரத்துக்குப் போகவேண்டியதில்லை. குடும்பம் மறுபடியும் இடம் மாற நேர்ந்தாலும் பாடம் விட்டுப்போகாது.

ஆனால் இவ்வகைப் பாடநெறிகளுக்கு ஒரு பெருங்குறை உண்டு. தொடங்குவோர் பலர்; முடிப்போர் சிலர். இது எங்கள் ஊரில் மட்டும் உள்ள குறையன்று. எவரும் சேரக்கூடிய இணையவழிப் பாடநெறிகளில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இறுதிவரை போவதில்லை என்பது உலகெங்கும் கண்டறியப்பட்ட உண்மை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இடையில் விட்டால் இன்னொன்றில் சேர்ந்துகொள்ளும். தாயின் காப்பை அடகு வைத்துப் பணம் கட்டிய பிள்ளைக்கு அது முடியாது. அந்தப் பிள்ளை காசை மட்டும் இழப்பதில்லை. "எனக்குப் படிப்பு வராது" என்ற எண்ணத்தையும் சுமந்துகொண்டு திரும்புகின்றது. இந்த இழப்பைக் குறைக்கச் செலவு குறைந்த ஒரு வழி உண்டு. உரிய வேளையில் அனுப்பப்படும் நினைவூட்டற் செய்திதான் அது. அதை எப்படிப் பயன்படுத்துவது, அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதே இவ்விதழின் பாடம்.

1. ஏன் இடையில் நின்றுவிடுகின்றார்கள்?

"பிள்ளைக்கு அக்கறையில்லை" என்று சொல்வது இலகு. உற்று நோக்கினால் வேறு காரணங்கள் தெரியும்.

பாடசாலையில் பிள்ளையை இழுத்து நடத்தும் பல கயிறுகள் இருக்கின்றன. மணி அடிக்கின்றது. அயல்வீட்டுப் பிள்ளை வெள்ளைச் சட்டையுடன் வாசலில் நின்று கூப்பிடுகின்றது. ஆசிரியர் இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுகின்றார். வராவிட்டால் "ஏன் நேற்று வரவில்லை?" என்று கேட்கின்றார். இணையவழிப் படிப்பில் இந்தக் கயிறுகள் ஒன்றுமே இல்லை. பாடம் தொலைபேசிக்குள் சத்தமின்றிக் கிடக்கின்றது. இன்று திறக்காவிட்டாலும் ஒருவரும் கேட்பதில்லை.

இதனுடன் எங்கள் வீடுகளின் நிலைமையும் சேர்ந்துகொள்கின்றது. வீட்டில் ஒரேயொரு தொலைபேசி. அதைத் தகப்பன் வயலுக்குக் கொண்டு போய்விடுவார். அரிவி வெட்டுக் காலத்தில் பிள்ளைக்கும் வேலை. ஒரு பாடம் தவறுகின்றது. அடுத்த பாடம் விளங்கவில்லை. மூன்றாவது பாடத்தைத் திறக்கவே பயமாக இருக்கின்றது. இவ்வாறு மூன்று வாரத்தில் ஒரு மாணவர் ஒருவருக்கும் சொல்லாமலே நின்றுவிடுகின்றார்.

மறதியும் ஒரு காரணமே. ஹேர்மன் எபிங்கவுஸ் என்னும் ஜேர்மானிய அறிஞர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதலாம் நாளிலேயே வேகமாக மறந்துபோகின்றது என்பதும், பின்னர் மறதியின் வேகம் குறைகின்றது என்பதும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நன்கு நிலைக்கின்றது என்பதும் அவர் கண்டவை. ஆகவே முதல் நாட்களில் ஒரு நினைவூட்டலும், சில நாள் கழித்து இன்னொன்றும் கிடைக்கும் பிள்ளைக்குப் பாடம் மனதில் தங்குவது இலகுவாகின்றது.

2. கோவில் மணி காட்டும் வழி

நினைவூட்டல் எங்களுக்குப் புதிய விடயமன்று. கோவிலில் முதலாம் மணி அடிக்கும்போது தாய்மார் பிள்ளைகளைக் குளிக்க வார்த்து உடுப்புப் போடுகின்றார்கள். இரண்டாம் மணிக்குப் படலையைச் சாத்திவிட்டுப் புறப்படுகின்றார்கள். பூசை தொடங்கிய பின்னர் அடிக்கும் மணியால் வீட்டில் இருப்பவருக்குப் பயனில்லை. முதல்நாள் இரவு அடித்தாலும் பயனில்லை. ஆயத்தம் செய்வதற்குப் போதிய நேரம் இருக்கும்போது அடிப்பதாலேயே அது பயன் தருகின்றது.

கமத்திலும் இதே முறைதான். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்துத் தண்ணீர் திறக்கும் நாளைத் தீர்மானிக்கின்றோம். அந்த நாளை முன்கூட்டியே அறிவித்தால்தான் வாய்க்காலைத் துப்புரவு செய்து, வரம்பு கட்டி, விதைநெல் எடுத்து வைக்கலாம். யூரியாவையும் முழுவதையும் ஒரே நாளில் கொட்டுவதில்லை. பயிர் எடுக்கக்கூடிய பருவம் பார்த்துப் பிரித்துப் போடுகின்றோம். ஒரேயடியாகக் கொட்டினால் பயிர் எடுப்பது கொஞ்சம், வீணாவது அதிகம். செய்திகளும் அப்படித்தான். ஒரே நாளில் பத்துச் செய்தி அனுப்பினால் ஒன்றும் வாசிக்கப்படாது.

3. பிற நாடுகளில் கண்டவை

நினைவூட்டற் செய்திகளைப் பற்றிக் கடந்த பதினைந்து வருடங்களில் பல நாடுகளில் ஆராய்ந்திருக்கின்றார்கள். எங்களுக்கு உதவக்கூடிய சிலவற்றைப் பார்ப்போம்.

இங்கிலாந்தில், எழுத்தறிவும் கணிதமும் போதாத வளர்ந்தவர்களுக்குக் கல்லூரிகளில் இலவச வகுப்பு நடக்கின்றது. 1179 மாணவரின் வரவுப் பதிவைப் பார்த்தபோது, முதல் பத்து வாரத்துக்குள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் நின்றுவிட்டது தெரிந்தது. ஒரு பகுதியினருக்கு ஊக்கமூட்டும் குறுஞ்செய்திகளை அனுப்பினார்கள். செய்தி கிடைக்காதவர்களுடன் ஒப்பிடும்போது இவர்களுள் நின்றுவிட்டோரின் விகிதம் 36 சதவீதம் குறைந்திருந்தது. 2015இல் இம்முடிவு வெளிவந்தது. இவை வகுப்பறைப் பாடங்கள்தான். ஆயினும் வறுமையாலும் வேலையாலும் படிப்பை ஒருமுறை விட்டவர்களே அங்கு படித்தவர்கள் என்பதால் எங்களுக்கும் பொருந்தும்.

ஐக்கிய அமெரிக்காவில் இரண்டு விதமான அனுபவம் கிடைத்தது. சில நகரங்களில், பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரி போக இருந்த வறிய மாணவருக்கு விடுமுறைக் காலத்தில் செய்தி அனுப்பினார்கள். "உதவி தேவையென்றால் பதில் அனுப்புங்கள், ஆலோசகர் பேசுவார்" என்ற அழைப்பும் அதில் இருந்தது. வேறு ஆதரவு குறைந்த இடங்களில் இதனால் கல்லூரி சென்றோர் தொகை கூடியது. பின்னர் இதைப் பெரிதாக்கி, எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவருக்கு மாநில, தேசிய அளவிலான அமைப்புகள் மூலம் செய்தி அனுப்பிப் பார்த்தார்கள். 2019இல் வெளிவந்த முடிவின்படி இதனால் ஒரு மாற்றமும் ஏற்படவில்லை.

பொட்சுவானாவில் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட வேளையில் ஏறத்தாழ 4500 குடும்பங்களுடன் ஒரு முயற்சி நடந்தது. ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் கணக்குகளைக் குறுஞ்செய்தியில் மட்டும் அனுப்பினார்கள். இன்னொரு பகுதியினருக்குச் செய்தியுடன் ஆசிரியர் ஒருவர் வாரத்துக்கு ஒருமுறை 15 அல்லது 20 நிமிடம் தொலைபேசியில் பேசினார். செய்தி மட்டும் கிடைத்த பிள்ளைகளிடம் தெளிவான முன்னேற்றம் காணப்படவில்லை. செய்தியும் குரலும் சேர்ந்து கிடைத்த பிள்ளைகள் முன்னேறினார்கள்.

கென்யாவில் எச்.ஐ.வி. நோயாளருக்கு வாரம் ஒருமுறை தாதியரிடமிருந்து "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கருத்துடைய ஒரேயொரு சுவாகிலிச் சொல்லை அனுப்பினார்கள். இரண்டு நாளுக்குள் "சுகம்" என்றோ "உதவி தேவை" என்றோ பதில் அனுப்ப வேண்டும். பதில் வராதவரைத் தாதி கூப்பிட்டு விசாரிப்பார். செய்தி கிடைத்தவர்கள் மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள் என்று 2010இல் அறிவித்தார்கள். அதே நாட்டில் 2011இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், வாரம் ஒருமுறை வந்த செய்தி பயன் தந்தது; நாள்தோறும் வந்த செய்தி பயன் தரவில்லை.

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு விடயம் தெளிவாகின்றது. தொலைபேசி ஒலிப்பதால் மட்டும் ஒருவர் படிக்கத் தொடங்குவதில்லை. தன்னை அறிந்த ஒருவர் தன்னைத் தேடுகின்றார், பதிலுக்குக் காத்திருக்கின்றார் என்று உணரும்போதே செய்திக்கு வலிமை வருகின்றது. நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததை அறிந்த நல்ல ஆயனைப் பற்றி ஆண்டவர் இயேசு சொன்ன உவமையை நினைத்துப் பாருங்கள். அவன் எண்ணியபடியால்தான் குறைந்ததை அறிந்தான். அறிந்தபடியால்தான் தேடிப் போனான்.

4. யார் அனுப்புவது?

பாடநெறியை நடத்தும் நிறுவனம் எங்கோ தூரத்தில் இருக்கும். அங்கிருந்து வரும் பொதுச் செய்தியை மட்டும் நம்பி இருக்கலாகாது. ஊரிலேயே ஒருவர் இப்பொறுப்பை ஏற்க வேண்டும். மாதர் சங்க உறுப்பினர், மறையாசிரியர், முன்பள்ளி ஆசிரியை, சனசமூக நிலையப் பொறுப்பாளர், அதே பாடநெறியை முன்னர் முடித்த அக்கா எவராயினும் பொருத்தமே. அவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைகளைத் தெரிந்திருக்க வேண்டும். அவரை இங்கு "துணையாளர்" என அழைப்போம்.

துணையாளர் முதலில் ஒரு கொப்பியில் ஒவ்வொரு மாணவருக்கும் பின்வரும் விபரங்களைப் பதிய வேண்டும்:

(அ) பெயரும், வீட்டில் அழைக்கும் பெயரும்.
(ஆ) தொலைபேசி இலக்கம். அது யாருடைய கையில் இருப்பது.
(இ) எந்த நேரத்தில் அது வீட்டில் இருக்கும்.
(ஈ) இரண்டாவது இலக்கம். அயலவருடையதாகவோ பெரியம்மாவுடையதாகவோ இருக்கலாம். இடம் மாறும் குடும்பங்களின் இலக்கமும் அடிக்கடி மாறுவதால் இது மிக அவசியம்.
(உ) செய்தியை வாசிப்பவர் யார். தாய் தகப்பனுக்கு வாசிக்கச் சிரமமென்றால் குரற்செய்தி அனுப்ப வேண்டும்.
(ஊ) படிப்பதற்கு மாணவர் தாமே தெரிவு செய்த நாளும் நேரமும் இடமும்.

கடைசி விபரம் சிறிதாகத் தோன்றினாலும் பெறுமதியானது. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் சில, தங்கள் இணையவழிப் பாடநெறிகளில் சேர்ந்த ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மாணவரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 2020இல் முடிவை வெளியிட்டன. எப்போது, எங்கே படிக்கப் போகின்றேன் என்று தொடக்கத்தில் எழுதி வைத்தவர்கள் முதற் சில வாரங்களில் கூடுதலாகப் படித்தார்கள். ஆனால் இறுதிவரை அந்தப் பயன் நிற்கவில்லை. எனவே தொடக்கத்தில் திட்டம் எழுதுவதும் வேண்டும். இடையிடையே அதை நினைவூட்டுவதும் வேண்டும்.

5. நான்கு வகைச் செய்திகள்

முதலாவது ஆயத்தச் செய்தி. பாடத்துக்கு முதல்நாள் பின்னேரம் அனுப்புவது:

"நாளை பின்னேரம் 6 மணிக்கு 3ஆம் பாடம். கொப்பி எடுத்து வையும்."

இரண்டாவது வேளைச் செய்தி. பாடத்துக்கு அரை மணித்தியாலம் முன்னர் அனுப்புவது:

"தம்பி, இன்னும் அரை மணித்தியாலம். போனுக்குச் சார்ஜ் இருக்கோ?"

மூன்றாவது பாராட்டுச் செய்தி. ஒப்படை அனுப்பிய அன்றோ மறுநாளோ அனுப்புவது:

"பிள்ளை, உம்முடைய ஒப்படை கிடைத்தது. வயல் வேலைக்குள்ளும் முடித்துவிட்டீர். சந்தோசம்."

நான்காவது தேடும் செய்தி. வராதவருக்கு அனுப்புவது:

"மகள், நேற்று உம்மைக் காணவில்லை. சுகமா? என்ன இடைஞ்சல் என்று ஒரு சொல் எழுதும்."

எல்லோருக்கும் நான்கும் தேவையில்லை. சாதாரணமாக வாரத்துக்கு இரண்டு போதும். பாராட்டுச் செய்தியை ஒருபோதும் தவிர்க்க வேண்டாம். குற்றம் வரும்போது மட்டும் பேசும் ஒருவரின் இலக்கத்தைக் கண்டால் எந்தப் பிள்ளையும் போனைக் கவிழ்த்து வைத்துவிடும்.

6. எழுதும்போது கவனிக்க வேண்டியவை

ஒரு செய்தியில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள். "பாடத்தைப் பாருங்கள், ஒப்படையை அனுப்புங்கள், பணத்தைக் கட்டுங்கள்" என்று மூன்றையும் எழுதினால் மூன்றும் நடக்காது.

பெயர் சொல்லி எழுதுங்கள். ஊரில் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே தம்பி, பிள்ளை, மகள் என்று கூப்பிடுங்கள்.

சுருக்கமாக எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்குள் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் 70 இடங்களே உண்டு. அதிலும் "கு", "கா", "க்" போன்ற எழுத்துகள் ஒவ்வொன்றும் இரண்டு இடத்தைப் பிடிக்கும். நீளமாக எழுதினால் இரண்டு மூன்று செய்திகளாகப் பிரிந்து அதற்கேற்பக் காசு வெட்டும். மேலே கொடுத்த ஆயத்தச் செய்தி ஒரு குறுஞ்செய்திக்குள் அடங்கிவிடும். வட்ஸ்அப்பில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் டேற்றா இல்லாத நாளிலும், பழைய பொத்தான் தொலைபேசியிலும் வந்து சேர்வது குறுஞ்செய்திதான்.

"பலர் பாடத்துக்கு வரவில்லை" என்று எழுத வேண்டாம். அதை வாசிக்கும் பிள்ளை, வராமல் விடுவது வழக்கம்போலும் என்று எண்ணிக்கொள்ளும். "பன்னிரண்டு பேர் அனுப்பிவிட்டார்கள், உம்முடையதையும் பார்த்திருக்கிறோம்" என்பது பயன் தரும்.

குழுவில் வராதவரின் பெயரைப் போடவே கூடாது. எங்கள் மக்கள் வரிசையில் நின்று பெயர் வாசிக்கப்பட்டு நிவாரணம் வாங்கிய காலத்தை மறக்கவில்லை. மற்றவர் முன்னிலையில் குறைவுபட்ட பிள்ளை திரும்பி வராது. பாராட்டைக் குழுவில் போடலாம். தேடும் செய்தி தனியே போகவேண்டும்.

7. எந்த வேளையில்?

பாடநெறி நடத்துபவரின் வசதிக்குரிய வேளையன்று, குடும்பத்தின் வசதிக்குரிய வேளையே சரியான வேளை. தொலைபேசி வயலில் இருக்கும் காலை நேரத்தில் அனுப்பினால், தகப்பன் பார்த்துவிட்டு மறந்துபோவார். மாலையில் தொலைபேசி வீடு வந்த பிறகு அனுப்ப வேண்டும்.

பன்னிரண்டு வாரப் பாடநெறி ஒன்றைக் கருதுவோம். முதல் மூன்று வாரமும் கூடிய கவனம் தேவை. பழக்கம் ஊன்றுவது அப்போதுதான். நத்தார், பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு போன்ற விடுமுறைகளின் பின்னர் ஒரு செய்தி கட்டாயம் தேவை. விடுமுறைக்குப் போனவர் திரும்பாமல் விடுவது சாதாரணம். விதைப்பும் அரிவி வெட்டும் வெங்காய நடுகையும் வரும் வாரங்களைக் கொப்பியில் முன்னரே குறித்து வையுங்கள். அந்த வாரங்களில் "இந்தக் கிழமை முழுப் பாடமும் வேண்டாம், முதற் பத்து நிமிடத்தை மட்டும் பாரும்" என்று எழுதலாம். சிறிய அளவிலேனும் தொடர்பு அறாமல் இருப்பது முக்கியம்.

கடைசி வாரங்களில் செய்திகளைப் படிப்படியாகக் குறையுங்கள். நாற்றுமேடைக்கு மேலே போட்ட நிழற்பந்தலைக் கன்று தேறத் தேறக் கழற்றுகின்றோம் அல்லவா? அதுபோல, மாணவர் தமது தொலைபேசியில் தாமே எலாம் வைத்துப் பழகவேண்டும். எந்நாளும் பிறர் எழுப்பித்தான் எழும்புவேன் என்று ஒருவர் இருந்தால் எங்கள் நோக்கம் நிறைவேறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

8. பதில் வராவிட்டால்

இப்பாடத்தின் முக்கிய பகுதி இதுவே. செய்தி அனுப்பியதோடு கடமை முடிந்தது என எண்ண வேண்டாம்.

இரண்டு நாளுக்குள் பதில் இல்லையென்றால் தொலைபேசியில் பேசுங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் பிள்ளை தன்னைக் காக்க ஒரு பொய் சொல்லும். "என்ன இடைஞ்சல்?" என்று கேட்டால் காரணம் வெளிவரும். தொலைபேசியிலும் கிடைக்காவிட்டால், அந்த வாரம் முடிவதற்குள் அயலில் இருக்கும் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

இது பெரிய வேலையாகத் தோன்றலாம். கணக்குப் பார்ப்போம். இருபது மாணவருக்கு வாரம் இரண்டு செய்தியென்றால் நாற்பது செய்தி. அவர்களில் நால்வர் பதில் அனுப்பவில்லை என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்குப் பத்து நிமிடமாக நாற்பது நிமிடம். ஒரு வீட்டுக்குப் போய்வர இன்னொரு மணித்தியாலம். ஒரு பின்னேரத்துக்குள் முடியக்கூடிய வேலையே இது. இருவர் பகிர்ந்தால் இன்னும் இலகு.

பத்துக் கன்னியரின் உவமையில் நள்ளிரவில் கேட்ட கூப்பாடு பத்துப் பேரையும் எழுப்பியது. ஆனால் எண்ணெய் ஐவரிடம்தான் இருந்தது. நினைவூட்டற் செய்தியும் எழுப்புமேயன்றி எண்ணெய் கொடுக்காது. அந்த உவமையில் ஐவரின் குறை அவர்களுடைய கவலையீனம். எங்கள் பிள்ளைகளிடம் எண்ணெய் இல்லாமற் போவதற்குப் பெரும்பாலும் வறுமையும் இடப்பெயர்வுமே காரணம். ஆகவே எழுப்புவதோடு நில்லாமல் எண்ணெய்க்கும் வழி பார்க்க வேண்டியது சமூகத்தின் கடமை.

டேற்றா இல்லையென்றால், சனசமூக நிலையத்திலோ பங்கு மண்டபத்திலோ ஒருவர் பாடத்தை இறக்கி மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். தொலைபேசி இல்லையென்றால், இரண்டு மூன்று பிள்ளைகள் ஒரு தொலைபேசியைச் சுற்றி இருந்து படிக்கலாம். பாடம் விளங்கவில்லையென்றால், முன்னுக்கு நிற்கும் மாணவர் ஒருவரை ஞாயிறு பின்னேரம் இணைத்துவிடலாம். வயல் வேலை தடையென்றால், தாய் தகப்பனுடன் பேசி வாரத்துக்கு இரண்டு மாலை நேரத்தைப் பிள்ளைக்கு ஒதுக்கித் தரும்படி கேட்கலாம். சுகவீனமோ, குடியோ, வீட்டுச் சண்டையோ காரணமென்றால், அதைப் படிப்பை விடப் பெரிய பிரச்சினையாகக் கருதி உரியவர்களின் உதவியை நாட வேண்டும். செய்திக்குப் பதில் வராததே இவ்வாறான துன்பங்களின் முதல் அறிகுறியாக அமைவதுண்டு.

9. பாதுகாப்பு

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு அனுப்பும் செய்தி பெற்றோரின் அறிவுடனேயே போகவேண்டும். இரவு நேரத்தில் செய்தி வேண்டாம். வளர்ந்த ஒருவர் ஒரு பிள்ளையுடன் தனித்துச் செய்தி பரிமாறும் வழக்கத்தைத் தவிர்த்து, தாயையோ இன்னொரு துணையாளரையோ சேர்த்துக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

பெயரும் இலக்கமும் எழுதிய கொப்பி பூட்டி வைக்கப்பட வேண்டிய பொருள். சம்மதம் பெற்றே இலக்கத்தைப் பதிய வேண்டும். வேறு எந்த நிறுவனத்துக்கும், கட்சிக்கும், கடைக்கும் அதைக் கொடுக்கலாகாது. இவ்விபரங்களைக் காப்பதற்கென்றே எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

மாணவருக்கும் ஒன்றைச் சொல்லி வையுங்கள். துணையாளர் ஒருபோதும் வங்கி விபரமோ, தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணோ கேட்கமாட்டார். அவற்றைக் கேட்டு, பரிசு விழுந்தது, புலமைப்பரிசில் கிடைத்தது என்று வரும் செய்திகள் ஏமாற்று வேலைகள். தெரியாத இணைப்பைத் தொட வேண்டாம்.

10. பெற்றோருக்கு ஒரு சொல்

துணையாளர் இல்லாத ஊரிலும் இதை நீங்களே தொடங்கலாம். பாடம் என்னவென்று உங்களுக்கு விளங்கவேண்டியதில்லை. வயலுக்குப் போகும் தகப்பன் "இன்றைக்கு எத்தனை மணிக்குப் பாடம்? போனை அதற்கு முன் கொண்டு வந்து தருகிறேன்" என்று கேட்டால் அதுவே நல்ல நினைவூட்டல். வேற்றூரில் வேலை செய்யும் தாய் இரவில் பேசும்போது "சாப்பிட்டாயா?" என்பதோடு "இன்று படித்ததில் ஒன்றைச் சொல்லு, கேட்பம்" என்று கேட்கலாம். சொல்லித் தரும் பிள்ளைக்குப் பாடம் இரண்டாம் முறையும் பதிகின்றது.

கூடிச் சிந்திக்க:

1. எங்கள் ஊரில் இணையவழிப் பாடநெறி தொடங்கியவர் எத்தனை பேர்? முடித்தவர் எத்தனை பேர்? நின்றவர்களிடம் காரணத்தை எவராவது கேட்டோமா?
2. எங்கள் வீட்டுத் தொலைபேசி எந்த நேரத்தில் எவர் கையில் இருக்கின்றது? பிள்ளையின் படிப்புக்கென ஒதுக்கக்கூடிய நேரம் எது?
3. எங்கள் ஊரில் துணையாளராக இருக்கத் தகுந்த இருவர் யார்?
4. டேற்றா, மின்சாரம், அமர்ந்து படிக்க இடம் ஆகியவற்றில் எதைச் சங்கமோ பங்கோ ஏற்பாடு செய்ய முடியும்?

இக்காலாண்டுக்குரிய வேலை:

இடையில் நின்றுவிட்ட ஒரு பிள்ளையைத் தெரிவு செய்யுங்கள். இந்த வாரத்துக்குள் அந்தப் பிள்ளைக்கு நான்காவது வகைச் செய்தியை, பெயர் சொல்லி, அனுப்புங்கள். இரண்டு நாள் பாருங்கள். பதில் வராவிட்டால் வீட்டுக்குப் போங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தப் பிள்ளை சொன்ன காரணத்தை, பெயரைச் சொல்லாமல், மற்றவர்களுடன் பகிர்ந்து, அதற்கு ஊரால் செய்யக்கூடிய ஒன்றைத் தீர்மானியுங்கள்.